மலை அஞ்சல்: நீலகிரிக்கு வர நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

குன்னூரில் பிறந்து, இந்த மாவட்டத்தின் ஐந்து அஞ்சலகங்களில் முப்பத்துமூன்று ஆண்டுகள் முத்திரை குத்திவிட்டு, இப்போது கோத்தகிரியில் ஓய்வில் இருப்பவள் நான். 'நீலகிரி பற்றிக் கேளுங்கள்' என்று சென்ற இதழில் ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டார். ஒரு கட்டுக் கடிதம் வந்தது. பழைய பழக்கத்தில் ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினேன். கிட்டத்தட்ட எல்லோரும் 'ஊட்டி' என்றே எழுதியிருக்கிறார்கள். மூன்றே மூன்று பேர் 'நீலகிரி' என்று எழுதியிருக்கிறார்கள்; அதில் ஒருவர் இலங்கைக்காரர். அஞ்சல் பிரிக்கிறவளுக்கு இது புதிதல்ல. ஆனாலும் ஒரு மாவட்டத்துக்கு வரும் கடிதம் எல்லாம் ஒரே வீட்டில் போய் விழுந்தால் மற்ற வீடுகள் என்ன ஆவது?

சனி, ஞாயிறு இரண்டு நாள் வருகிறோம். ஏரி, தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா, சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், முதுமலை... முழுப் பட்டியலை இணைத்துள்ளேன். எந்த வரிசையில் பார்த்தால் எதுவும் விடுபடாது? மனைவிக்கு மூட்டுவலி உண்டு.
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், விருதுநகர்*

பட்டியலை எண்ணினேன் ஐயா, பதினான்கு இடங்கள். காசோலைகளைப் போல வரிசையாகக் கழித்துக்கொண்டு வரலாம், ஆனால் பார்த்ததாகாது. தாளின் கடைசியில் வேறொரு கையெழுத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கிறது: 'எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும்.' நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. என் பதில் அந்த வரிக்குத்தான்.

முதலில் சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள். ஓய்வுபெற்றவருக்குச் செவ்வாய்க்கிழமை என்ன பாவம் செய்தது? 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் இணையத்தில் இ-பாஸ் எடுத்துத்தான் மலை ஏற வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள். அப்படி என்றால் வார இறுதியில் எங்கள் சாலைகள் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையும் ஆக்கிவிடுவார்கள். பாதி நாள் முன்வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதிலேயே போகும்.

குன்னூரில் தங்குங்கள். ஊட்டியைவிடக் குளிர் குறைவு, மூட்டுக்கு நல்லது. சிம்ஸ் பூங்கா 1874இல் தொடங்கியது. அழகுதான், ஆனால் பள்ளத்தில் இறங்கிப் போகிற பூங்கா. இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்கியவர்களை ஏறும்போது நான் பார்த்திருக்கிறேன். மேலேயே ஒரு பெஞ்சில் உங்கள் மனைவியை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இறங்குங்கள். மறுநாள் ஊட்டி தாவரவியல் பூங்கா. 1848இல் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கியது. சுமார் 55 ஏக்கர். கீழ்ப்பகுதிப் புல்வெளி சமதளம், அதுவே போதும். இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரம் ஒன்று அங்கே கிடக்கிறது. மூட்டுவலி இல்லாமல் கிடக்கிறது.

முதுமலையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அது ஊட்டிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. அதற்குத் தனியாக ஒருமுறை வாருங்கள்.

மலை ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும்? ஐந்து மணி நேரம் போரடிக்காதா? காரில் வந்தால் இரண்டு மணி நேரம்தானே?
*மென்பொருள் ஊழியர், சென்னை*

மொத்தம் 208 வளைவுகள் அம்மா. பள்ளத்தாக்கு ஒருமுறை உங்கள் பக்கம் வரும், அடுத்த வளைவில் எதிர் இருக்கைக்காரருக்குப் போகும். இதற்காகப் பெட்டியில் சண்டை போட்டவர்களை என் அப்பா வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பார். அவர் இந்தப் பாதையில் பிரேக்ஸ்மேன்.

பிரேக்ஸ்மேன் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு ஒருவர் நிற்பார், அவர்தான் ரயிலின் கண். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. பாதையில் பாறையோ யானையோ மரமோ கிடந்தால் கொடி காட்டுவது, இறக்கத்தில் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. மழைக்காலத்தில் அப்பா வீடு திரும்பினால் சட்டையில் புகையும் பாசியும் கலந்து ஒரு வாசனை வரும். அம்மா அதைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவார்.

கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். பன்னிரண்டு அடி சொச்சம் போனால் ஓர் அடி உயரம், அத்தனை செங்குத்து. குன்னூர் வரை இப்படித்தான். அதற்கு மேல் டீசல் எஞ்சின், சாதாரண ஓட்டம். குன்னூர் வரை 1899இல் திறந்தார்கள்; ஊட்டி போய்ச் சேர 1908 ஆனது. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது ஓடும் நீராவி எஞ்சின்களில் சில, திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டியவை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எஞ்சின்களோடு நம் ஊர்க்காரர்கள் கட்டியதும் சேர்ந்து மூச்சு வாங்குகிறது.

போரடிக்குமா? ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்வரை நீங்கள் தேநீர் குடிக்கலாம். குரங்கு உங்கள் வடையைக் குடிக்காமல் விழுங்கும். அதுவும் போரடித்தால் காரில் வாருங்கள், ரயிலில் வர விரும்புகிற ஒருவருக்கு இடம் கிடைக்கும்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், திறந்த அன்றே தீரும். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் மேட்டுப்பாளையத்தில் அதே நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம். நவம்பர், டிசம்பரில் மட்டும் இதை நம்பிப் பயணம் வகுக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடினால் நாள்கணக்கில் ரயில் ஓடாது.

எங்கள் பள்ளி மாணவிகள் நாற்பது பேரைத் தோடர் குடியிருப்புக்கு அழைத்துவர விரும்புகிறோம். நேராகப் போனால் பார்க்க விடுவார்களா? நடனம் ஆடிக் காட்டுவார்களா?
*ஆசிரியை, மதுரை*

டீச்சர், உங்கள் தெருவுக்கு நாற்பது பேர் ஒரு பேருந்தில் வந்து இறங்கி, உங்கள் வீட்டு வாசலில் நின்று 'இவர்கள் ஆடிக் காட்டுவார்களா?' என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று மாணவிகளிடமே கேட்டுப் பாருங்கள். கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் கேள்வி மட்டும் பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது. உங்கள் கடிதம்தான் 'விடுவார்களா?' என்று அனுமதியைப் பற்றிக் கேட்டது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தோடர் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஊட்டியின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள்: ஒத்தக்கல் மந்து. வெள்ளைக்காரர் வாயில் புகுந்து ஊட்டகமண்ட் ஆகி, பிறகு ஊட்டியாகத் தேய்ந்தது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் இன்று சுமார் இரண்டாயிரம் பேர். தனி மொழி. எருமைதான் அவர்கள் உலகம். கொம்பு இரண்டும் பிறை போல வளைந்து விரிந்த எருமை, சமவெளி எருமையோடு சேர்த்துப் பார்க்கக்கூடாத இனம். அவர்களின் கோயில் என்பது உண்மையில் பால்கூடம். பிரம்பும் மூங்கிலும் வளைத்து, புல் வேய்ந்து, பாதி உருளையைக் கவிழ்த்தது போலக் கட்டுவார்கள். ஒரு ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். அதற்குள் பூசகர் மட்டுமே போகலாம். வெளியாட்கள் சுற்றுச்சுவரைத் தாண்டக்கூடாது. பெண்கள் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். அந்த விதி எனக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். வீடு அவர்களுடையது.

ஒரு சம்பவம். ஊட்டியில் நான் பார்சல் கவுன்ட்டரில் இருந்த காலம். தோடர் மூதாட்டி ஒருவர் மாதம் ஒருமுறை பூத்துணிப் பார்சலோடு வருவார். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூவேலை. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் கோடு வரைவதில்லை, அளவு குறிப்பதில்லை. இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். 'எவ்வளவு நேர்த்தி' என்று நான் மழமழப்பான பக்கத்தைத் தடவினேன். அவர் சிரித்துக்கொண்டே துணியைத் திருப்பிப் போட்டார். நூல் புடைத்துச் சொரசொரப்பாக இருக்கும் பக்கம்தான் மேல்பக்கமாம். பல ஆண்டுகள் நான் தப்பான பக்கத்தைப் பாராட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதே அன்று வரிசையில் நின்ற சுற்றுலாக்காரர் ஒருவர், கேட்காமல் கொள்ளாமல் அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிப் படம் எடுத்தார். மூதாட்டி பதறவில்லை. போர்வைக்குள்ளிருந்து தன் கைப்பேசியை எடுத்தார், நிதானமாக அவரைப் படம் எடுத்தார், பார்த்தார், திருப்தி இல்லாதது போல இன்னொன்று எடுத்தார். அந்த மனிதர் ஸ்டாம்ப் வாங்காமலே போய்விட்டார்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக நோட்டும் பேனாவுமாக ஆய்வாளர்கள் வந்து போன சமூகம் அது. எருமை மேய்ந்த புல்வெளியில் சீகை மரமும் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும் நட்டுக் காடு என்று பெயர் வைத்தார்கள். உருளைக்கிழங்கும் தேயிலையும் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. எருமை குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். மாணவிகளுக்கு இதைச் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள், புல்வெளியைப் பார்க்கும்போதே வேறு மாதிரி பார்ப்பார்கள்.

செய்யவேண்டியது இதுதான். ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகமும் உண்டு. நாற்பது பேர் போகலாம், யாருக்கும் தொந்தரவில்லை. முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். மந்துக்குப் போவதாக இருந்தால் அங்கே தெரிந்தவர் ஒருவர் வழியாக, ஐந்தாறு பேராக, அழைத்த நாளில். பூத்துணி வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ஒரு போர்வைக்கு எத்தனை வாரம் ஊசி போகிறது என்று கேட்டுவிட்டு விலையைக் கேளுங்கள், பேரம் தானாக வாயை மூடிக்கொள்ளும்.

ஊட்டியை உருவாக்கியது ஜான் சல்லிவன் என்கிறார்கள். அந்தக் காலத்துக் கட்டடங்கள் எவை இன்னும் இருக்கின்றன?
*வாசகர், சிங்கப்பூர்*

இருக்கின்றன. ஆனால் ஊட்டியில் தொடங்காதீர்கள். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கு என்ற, மலையின் விவசாயச் சமூகமான படுகர்களின் கிராமத்தில் சல்லிவனின் பழைய பங்களா இருக்கிறது. நீலகிரியில் ஐரோப்பியர் முதலில் காலூன்றியது இந்தப் பக்கம்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் மலை ஏறியது 1819. அந்தப் பங்களா பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து இப்போது நினைவகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் வைத்திருக்கிறார்கள். பழைய படங்கள் ஏராளம். கூட்டமே இருக்காது.

பிறகு ஊட்டி. கல் பங்களா என்று மக்கள் அழைத்த ஸ்டோன் ஹவுஸ் இப்போது அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கிக் கட்டியது. இதே சல்லிவன்தான், நிலம் தோடர்களுடையது, அவர்களுக்குரியதைக் கொடுக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியோடு பிற்பாடு மல்லுக்கட்டியவரும். மனிதரை ஒரே பெட்டியில் போட்டு மூட முடியவில்லை.

செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போனால் மேலே பாருங்கள். 1829இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்துக் கொண்டுவந்தவை. அங்கிருந்து அந்த மரங்களைச் சாலை இல்லாத மலையில் ஏற்றியவர்களின் பெயரை எந்தச் சலவைக்கல்லிலும் பொறிக்கவில்லை. பின்பக்கக் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். அஞ்சல் வேலை பார்த்தவள் என்பதால் கல்லறை வாசகங்களில் நான் முதலில் பார்ப்பது வயதைத்தான். குழந்தைகள் அதிகம். உடம்பு தேறுவதற்காக மலைக்கு அனுப்பப்பட்டவர்கள்.

ஊட்டியின் சேரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நீலகிரி நூலகம், 1859இல் தொடங்கியது. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளை எழுதி மாட்டிய கிளப்பும் பக்கத்தில்தான். உறுப்பினர் அல்லாதவருக்குக் கதவு திறக்காது. எனக்கும் திறந்ததில்லை, நானும் தட்டியதில்லை.

நண்பர்கள் ஆறு பேர் பைக்கில் வருகிறோம். இரவில் மசினகுடி சாலையில் போனால் புலி, யானை பார்க்கலாமா?
*கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்*

தம்பி, பார்க்கலாம். அவை உன்னைப் பார்ப்பதைத்தான் நான் விரும்பவில்லை. முதுமலை வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறி விழுந்த வெளியூர் வண்டிகள் கணக்கில்லாமல் போனதால், டி.என்.43 என்ற நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகளை அந்த வழியே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் இறங்க வேண்டும்.

முதுமலை 1940இல் சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமானது. வனத்துறை வாகனத்தில் காலையிலோ மாலையிலோ போகலாம். புலி தெரியும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அவரிடம் பணம் கொடுக்காதே. மசினகுடியில் நான் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில் புலியை ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் பின்பாதியை. தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் களி உருட்டிக் கொடுக்கும் நேரத்தில் போ. ஆஸ்கார் வாங்கிய ஆவணப்படத்துக்குப் பிறகு அங்கே கூட்டம் அதிகம். ஆனால் பாகன்களின் கையைக் கவனிக்கிறவர்கள் குறைவு. காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பங்களில் அது தலைமுறை தலைமுறையாக வந்த வேலை.

பெரிய விலங்கு பார்க்கக் காட்டுக்குப் போகவே வேண்டாம் என்பதும் உண்மை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டுமாடு தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்கும். ஒரு டன் எடை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். சாதுவாகத் தெரியும், செல்ஃபி எடுக்கப் போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஒருநாள் நான் தாமதமாக வந்ததற்குக் காரணம் எழுதச் சொன்னார் மேலதிகாரி. 'வாசலில் காட்டுமாடு' என்று எழுதினேன். சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர், கிண்டல் என்று நினைத்து விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அடுத்த வாரம் அவரே பதினொரு மணிக்கு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரடி இரவில் எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவை உடைக்கும். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை சாலைக்கே வரும். ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, வண்டியை நிறுத்திக் காத்திரு. அதற்கு அவசரமில்லை, உனக்கும் இருக்கக்கூடாது.

ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். எங்கட பெரியப்பா குடும்பம் எழுபதுகளில் கப்பல் ஏறி இந்தியா போய், கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாக ஒரு காலத்தில் கடிதம் வந்தது. நீலகிரிக்கு வந்தால் எங்கள் மலைநாடு போலவே இருக்குமா?
*வாசகி, ஹட்டன், இலங்கை*

உங்கள் கடிதத்தைத்தான் கட்டின் மேலே வைத்தேன் அம்மா. நீங்கள்தான் நீலகிரி என்று எழுதிய அந்த மூன்றாவது ஆள்.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். டேன்டீ என்று இப்போது சொல்வது அதைத்தான். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எல்லாவற்றிலும் உண்டு. 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசாங்கச் சொல். தாயகம் என்றார்களே தவிர, பலர் பிறந்தது உங்கள் ஊரில்; இங்கே வந்துதான் குளிரில் முதல்முறையாக அந்நியராக நின்றார்கள்.

எழுத்துத் தெரியாத அம்மாக்களுக்கு நீல நிற விமான அஞ்சல் தாளில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுவரெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை என்று அந்த ஊர்ப்பெயர்களை எழுதி எழுதியே எனக்கு உங்கள் மலை பாடமானது. மூன்று பக்கமும் மடித்து ஒட்டும் தாள் அது, இடம் குறைவு. சொல்லவேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் தாள் தீர்ந்துவிடும். 'சுகம் என்று போடு மகளே, மிச்சம் அவங்களுக்குத் தெரியும்' என்பார்கள். பதில் வராத முகவரிகளுக்கும் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு.

தேயிலைச் சரிவு, லைன் வீடு, மூடுபனி, கொழுந்துக் கூடை எல்லாம் உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். பஸ் நிறுத்தத்தில் 'எங்கட' என்று பேசும் பாட்டி ஒருவரையாவது பார்ப்பீர்கள். பெரியப்பாவின் பெயர், வந்த ஆண்டு, பழைய கடிதத்தின் முத்திரையில் இருக்கும் ஊர் இந்த மூன்றையும் இதழுக்கு எழுதி அனுப்புங்கள். முத்திரை மங்கியிருந்தாலும் பரவாயில்லை, நான் படிப்பேன்.

கோத்தகிரியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே, அங்கே எதற்குத் தங்க வேண்டும்?
*இல்லத்தரசி, சேலம்*

ஒன்றும் இல்லாமலே இருக்கட்டும் என்றுதான் நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்.

கோத்தர் என்ற பழங்குடியினரின் கேரி, அதாவது குடியிருப்பு, அதுதான் கோத்தகிரி. கோத்தர்களுக்கு மலை முழுவதும் ஏழே ஊர்கள். இரும்பு அடிப்பது, மரவேலை, இசை எல்லாம் ஆண்கள். மண்பாண்டம் வனைவது பெண்கள். ஒரு காலத்தில் தோடரின் பாலும் நெய்யும், கோத்தரின் கத்தியும் பானையும், படுகரின் தானியமும், குறும்பரின் தேனும் காசில்லாமல் கைமாறின. தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் குழல் வாசிக்கப் போனார்கள். சந்தை வந்தது, அலுமினியப் பாத்திரம் வந்தது, அந்தக் கணக்கு நின்றுபோனது. டிசம்பர், ஜனவரியில் வந்தால் கோத்தர்களின் திருவிழாவும், படுகர்களின் ஹெத்தையம்மன் விழாவும் அடுத்தடுத்து நடக்கும். ஹெத்தையம்மன் நடைபயணத்தில் வெள்ளை உடுத்திய கூட்டம் தேயிலைச் சரிவில் வரிசையாக இறங்குவதைத் தூரத்தில் நின்று பாருங்கள். ஒலிபெருக்கியைத் தவிர எல்லாம் அழகு.

லாங்வுட் சோலை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகும், சத்தம் கால்வாசியாகும். கீழே இருக்கும் பல ஊர்களின் குழாய்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாறு கீழே நூலாகத் தெரியும். அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டு வாருங்கள்.

ஊட்டியில் என்ன சாப்பிடலாம், என்ன வாங்கலாம்?
*வாசகி, தஞ்சாவூர்*

வர்க்கி. விறகு அடுப்பில் சுட்டதாக, கையில் எடுத்தால் உதிர்வதாக. தேநீரில் நனைத்துச் சாப்பிட வேண்டும். அப்படியே கடித்தால் மேல்சட்டைதான் சாப்பிடும். படுகர் வீட்டில் விருந்துக்கு அழைப்பு கிடைத்தால் மறுக்காதீர்கள், அவரைக் குழம்பும் களியும் ஒருமுறை சாப்பிட்டால் உணவகத்து ஃபிரைட் ரைஸ் மறந்துவிடும். தேன் வாங்குவதாக இருந்தால் கோத்தகிரியில் பழங்குடியினரிடமிருந்து நேரடியாக வாங்கி விற்கும் கடைகளில். சாலையோரம் பாட்டிலில் விற்கும் தைலத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?
*வாசகர், திருநெல்வேலி*

நீலக்குறிஞ்சி கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018. அடுத்தது 2030. குறிஞ்சியில் வகைகள் பல. இடையில் ஏதாவது சரிவில் ஏதாவது ஒன்று பூத்தபடி இருக்கும். அதைப் பார்த்தால் பறிக்காமல் வாருங்கள். 2018இல் கட்டுக் கட்டாகப் பறித்துக்கொண்டு போன ஒரு குடும்பத்தைப் பஸ்ஸில் பார்த்தேன். பாதி வழியிலேயே வாடிவிட்டது.

மே மாதக் குளிருக்கு ஸ்வெட்டர் தேவையா?
*வாசகர், வேலூர்*

வேலூர்க்காரருக்குத் தேவை. ஜனவரியில் வந்தால் இரண்டு. உறைபனி விழுந்த காலையில் காந்தல் பக்கம் புல் எல்லாம் உப்புத் தூவியது போல நிற்கும். தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வராதீர்கள். பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள்.

இந்தக் காலத்திலும் மலையிலிருந்து அஞ்சலட்டை அனுப்ப முடியுமா?
*பத்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

முடியும் கண்ணே. அட்டை ஐம்பது காசு. உன் வீட்டுப் பின்கோடை மறக்காமல் எழுது. குன்னூர் முத்திரை வேண்டுமா, கோத்தகிரி முத்திரை வேண்டுமா என்று முடிவு செய்து அந்தந்த ஊர்ப் பெட்டியில் போடு. 643101, 643217 என்று எண்ணே வேறு. சுத்தமாக விழ வேண்டும் என்றால் பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்து, மெதுவாகக் குத்தச் சொல்லிக் கேள். பேனாவை வீட்டிலிருந்தே கொண்டு வா. கவுன்ட்டரில் நூல் கட்டித் தொங்கும் பேனா எழுதாது. என் கவுன்ட்டரில் முப்பத்துமூன்று ஆண்டுகள் அதற்கு நான்தான் பொறுப்பு, ஒருநாளும் எழுதியதில்லை.